கல்லூரிச் சாலையில் ஓர் இருக்கை: ஓசூர்க் காப்பிக் கடைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு நகரத்தின் தன்மையை அறிய விரும்புகிறவர்கள் அதன் ஆலயங்களையும் ஆலைகளையும் சாலைகளையும் கணக்கெடுப்பது வழக்கம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கையில் அதிகப் பணமில்லாத ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ, வீட்டுக்கும் விடுதிக்கும் வகுப்பறைக்கும் வெளியே, எழுந்து போகும்படி யாரும் சொல்லாத ஓரிடத்தில், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க அந்த நகரம் இடம் கொடுக்கிறதா? ஓசூரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்படுகிறவர், கல்லூரிச் சாலைகளில் இருக்கும் காப்பிக் கடைகளின் வாசலுக்குத்தான் வந்து சேர்வார்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியவுடன் வரும் இவ்வூர், நெடுங்காலம் பழைய சேலம் ஜில்லாவின் வடகோடியாகவும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெரிய நகரமாகவும் இருந்து, 2019இல் மாநகராட்சி ஆயிற்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப்படிப்புப் படித்துவிட்டு மேற்படிப்புக்காகப் பெங்களூர் சென்டிரல் கல்லூரிக்குப் போக நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், உயர்கல்வி எவ்வளவு தாமதமாக இங்கே வந்தது என்பது விளங்கும். கல்லூரிக்கு முன்னால் ஆலை வந்தது. 1971இல் மாநில அரசு ஸ்தாபித்த சிப்காட் நிறுவனம், பின்தங்கிய பிரதேசம் என்று கருதப்பட்ட இவ்வட்டாரத்தில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். குழுமத்தின் மொபெட் தொழிற்சாலையும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, டாட்டா குழுமமும் மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. 1987ஆம் ஆண்டளவில் அதியமான் பொறியியற் கல்லூரி தோன்றிய பின்னரே, அதைத் தொடர்ந்து பாலிடெக்னிக்குகளும் கலைக் கல்லூரிகளும் வந்தன. 1824 முதல் இருந்துவரும் மத்திகிரி கால்நடைப் பண்ணையின் பக்கத்தில் கோழியின அறிவியலுக்கென்று ஒரு கல்லூரியும் அமைந்தது.

இந்த வரிசை முக்கியமானது. தொழிற்பேட்டையை வகுத்தவர்கள் மனைகளைப் பிரித்தார்கள், சாலை போட்டார்கள், தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்தார்கள். ஷிப்டு முடிந்த மனிதனும் வகுப்பு முடிந்த மாணவனும் உட்காருவதற்கான இடம் எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. ராமநாயக்கன் ஏரிக்கரையும் சந்திரசூடேசுவரர் மலையும் மாலை வேளைக்கு உகந்த இடங்கள்தாம் என்றாலும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நண்பர்களோடு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவோ ஒரு மனஸ்தாபத்தைப் பேசித் தீர்க்கவோ அவை பயன்படுவதில்லை. அரசாங்கம் விட்டுவைத்த அந்த வெற்றிடத்தைத் தம்மை அறியாமலே நிரப்பியவர்கள் காப்பிக் கடைக்காரர்கள்.

அவர்களுடைய கடைகள் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது, கல்லூரி மதில் ஓரத்துத் தள்ளுவண்டியும் பெட்டிக்கடையும். அங்கே நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும், அல்லது மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்து கொள்ளலாம். இரண்டாவது, பேக்கரி. எல்லைப்புறத்தில் இச்சொல்லுக்கு ரொட்டிக் கடை என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. பப்ஸும் தேங்காய் பன்னும் கண்ணாடிப் பெட்டியில் இருக்க, பக்கத்தில் டீ மாஸ்டர் காப்பி ஆற்ற, உள்ளே நான்கைந்து மேஜைகளும் பெஞ்சுகளும் கிடக்கும் ஸ்தலம் அது. ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூரில் வளர்த்த பேக்கரி மரபும், கொங்கு நாட்டு டீக்கடை மரபும் இதில் கலந்திருக்கின்றன. மூன்றாவது, பெங்களூர்ப் பாணியில் நின்று சாப்பிடும் தர்ஷினி. நான்காவது, குளிர்சாதனமும் மெத்தை நாற்காலியும் வைஃபையும் உள்ள கஃபே.

வாடிக்கையாளன் இந்நான்கிலும் காப்பியைத்தான் வாங்குகிறான் என்பது மேலோட்டமான பார்வை. தூளும் பாலும் சர்க்கரையும் எரிவாயுவும் எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் கிடைக்கின்றன. ஆகவே கடைக்குக் கடை விலை பன்மடங்கு மாறுவதற்குப் பானம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சிக்கரியின் அளவு வேறுபடலாம். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி, அந்த எல்லைக்குள் கடைக்காரர் தம் சௌகரியம்போல் வாங்கிக்கொள்ளலாம். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி கண்டதன் விளைவாக, அராபிகா காப்பிக் கொட்டையின் சர்வதேச விலை 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியபோது, அதன் அதிர்ச்சி சாலையோரத் தள்ளுவண்டி வரைக்கும் வந்தது. ஆயினும் தள்ளுவண்டிக்கும் கஃபேக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கைக்கும், அதில் கழியும் காலத்துக்கும் கொடுக்கப்படும் வாடகையே ஆகும்.

இந்த உண்மையைப் பெங்களூர் இரு வேறு விதமாகக் கண்டுகொண்டது. இரண்டும் ஓசூருக்கு நெடுஞ்சாலை வழியாக வந்து சேர்ந்தன. ஜயநகரில் 1983இல் ஆர். பிரபாகர் தொடங்கிய 'கஃபே தர்ஷினி', நாற்காலியை நீக்கி, உயர்ந்த மேஜையை மட்டும் வைத்து, வாடிக்கையாளன் முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, தானே போய்ப் பலகாரத்தைப் பெற்று, நின்றபடி தின்றுவிட்டுப் போகும் ஏற்பாட்டைச் செய்ததனால், தரமான சிற்றுண்டியும் வடிகட்டிக் காப்பியும் சொற்ப விலைக்குச் சாமானியர்களுக்குக் கிடைத்தன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1996இல், பிரிகேட் சாலையில் வி.ஜி. சித்தார்த்தா திறந்த 'கஃபே காஃபி டே' இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது: இணையத்தை வைத்தது, நாற்காலியை வைத்தது, அவற்றில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற உறுதியை வைத்தது, அதற்கெல்லாம் சேர்த்து விலையையும் வைத்தது. முன்னது மலிவான காப்பியைத் தந்து இருக்கையை எடுத்துக்கொண்டது. பின்னது இருக்கையைத் தந்து, விலையின் மூலமாகப் பலரை வாசலிலேயே நிறுத்திற்று. மாணவனுக்கு வேண்டியதோ முன்னதன் விலையும் பின்னதன் நாற்காலியும்.

ஓசூர்ப் பேக்கரிகளின் பெஞ்சு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஆகையால்தான் அதில் அத்தனை ஜனநெருக்கடி. பிற்பகல் வகுப்புகள் முடியும் நேரத்தில் அங்கே போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு கல்லூரியின் அந்தரங்க வாழ்க்கை முழுவதும் புலப்படும். ரெக்கார்டு நோட்டை ஒருவனிடமிருந்து மற்றொருவன் பார்த்து எழுதுவதும், அரியர் விழுந்தவனுக்கு மூன்று பேர் சேர்ந்து தைரியம் சொல்வதும், பிளேஸ்மென்ட் கிடைத்தவன் டிரீட் கொடுப்பதும், பிறந்தநாள் கேக்கை வெட்டித் தின்பதைவிட முகத்தில் பூசுவதில் அதிக உற்சாகம் காட்டுவதும் அந்த மேஜைகளில்தாம். கன்னட நாட்டு வழக்கத்தை ஒட்டி, 'பை டூ' என்று சொல்லி ஒரு காப்பியை இரண்டு டம்ளரில் வாங்கிக்கொள்வார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே மேஜையில் புழங்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பக்கத்து மேஜையில் இந்தியில் பேசுவார்கள். டீ மாஸ்டர் எல்லோருக்கும் அவரவர் பாஷையில் பதில் சொல்வார். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களின் எல்லை வகுக்கப்பட்டபோது இம்மாதிரிப் பிரதேசங்களைப் பற்றி எழுந்த வாதங்களுக்கெல்லாம் இந்த மேஜையில் ஒரு சமாதானம் ஏற்பட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே வருகிறவர்கள் மாணவர்கள் மட்டும் அல்லர் என்பது இவ்வூரின் விசேஷம். வேறு கல்லூரி நகரங்களில் பரீட்சையும் விடுமுறையும் கடையின் காலத்தை நிர்ணயிக்கும். ஓசூரில் அவற்றோடு ஷிப்டு மணியும் சேர்ந்துகொள்கிறது. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று ஆலைகள் ஆட்களை மாற்றும் வேளைகளில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் டிரெய்னிகள் அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். இருபது வயது டிப்ளமோக்காரனும் இருபது வயது பொறியியல் மாணவனும் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்; ஒருவன் அடையாள அட்டையில் கம்பெனியின் பெயரும் மற்றவன் அட்டையில் கல்லூரியின் பெயரும் இருக்கும். மாணவன் தனக்கு முன்னே இருக்கும் உத்தியோக வாழ்க்கை எத்தகையது என்பதை, வேலைவாய்ப்பு அதிகாரியின் சொற்பொழிவிலிருந்து அல்லாமல், இரவு ஷிப்டு முடித்துச் சிவந்த கண்களோடு எதிரே அமர்ந்திருப்பவன் வாயிலிருந்து அறிகிறான். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்ன, பயிற்சிக்காலம் முடிந்தபின் எத்தனை பேர் நிரந்தரமாக்கப்படுகிறார்கள், எந்தக் காண்டிராக்டர் பி.எஃப். பிடிப்பதில் நாணயமானவர் என்பன போன்ற விஷயங்களைப் போதிக்கும் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

கல்லூரிப் பக்கத்துக் காப்பி இல்லம் கல்லூரிக்கு வெளியே ஒரு கல்லூரியாக இருப்பது உலகத்துக்குப் புதிதன்று. ஆக்ஸ்போர்டில் 1655இல் ஆர்தர் டில்யார்டு என்னும் மருந்து வியாபாரி, ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு அருகில் காப்பி விற்கத் தொடங்கியபோது, அங்கே கூடிச் சம்பாஷித்த இளம் அறிஞர்களிற் சிலர் பிற்பாடு ராயல் சொசைட்டியில் இடம் பெற்றார்கள். ஒரு பென்னி கொடுத்தால் காப்பியும் கிடைக்கும், பத்திரிகையும் பேச்சும் கிடைக்கும் என்பதனால் இத்தகைய இல்லங்களுக்குப் பென்னிப் பல்கலைக்கழகங்கள் என்ற பெயர் வந்தது. அப்பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர், 1675 டிசம்பர் இறுதியில் காப்பி இல்லங்களை மூடும்படி பிரகடனம் செய்து, எதிர்ப்பின் வேகத்தைக் கண்டு சில நாட்களிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. நம் நாட்டில் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரிக்கு எதிரே, ஆல்பர்ட் ஹாலில், 1942இல் ஏற்பட்ட காப்பி இல்லத்தை 1958இல் மூட முற்பட்டபோது, அதைக் காப்பாற்றும்படி விண்ணப்பம் செய்தவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள். அதற்கு முந்திய ஆண்டில், காப்பி வாரியம் தன் இல்லங்களை மூடிக்கொண்டு வந்த சமயத்தில், வேலையிழந்த ஊழியர்கள் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலனின் முயற்சியால் சங்கமாகத் திரண்டு, 1957 ஆகஸ்டு 19ஆந் தேதி பெங்களூரில் முதல் இந்தியக் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள்.

சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. உடுப்பி கே. கிருஷ்ண ராவ் 1962இல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ், அதே சாலையில் இருக்கும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் மாணவிகளுக்கும், நகரத்துப் பத்திரிகையாளர்களுக்கும், வேலை தேடும் வாலிபர்களுக்கும் மரநிழலில் மணிக்கணக்காக இடம் கொடுத்தது. அது இருந்த நிலம் அரசாங்கத்துக்குச் சென்றதனால் 2008இல் மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. வர்த்தகக் கணக்கில் வாடகை உயரும்போதும் நிலம் கைமாறும்போதும் முதலில் மறைவது இத்தகைய இருக்கைதான்.

இதுவரை சொன்னவை உலகம் முழுவதுக்கும் பொது. தமிழ்நாட்டில் உட்காருவது என்னும் செயலுக்கு மட்டும் இதற்கும் மேலான ஒரு சரித்திரச் சுமை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம் ஊர்களில் பரவிய காப்பி ஹோட்டல்கள், காப்பியோடு கூட ஜாதிப் பிரிவினையையும் பரிமாறின; 'பிராமணாள்' என்ற சொல் விளம்பரப் பலகையில் பெருமையோடு இடம் பெற்றது. அச்சொல்லை அழிக்கக் கோரி 1957இல் பெரியாரின் இயக்கத்தார் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் நடத்திய மறியல், நாள்தோறும் தொண்டர்கள் கைதாக, மாதக்கணக்கில் நீடித்தது. அதற்கு முன்பே, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஜாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு விதித்திருந்தது. அங்கே பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அவ்வளவும் இருந்தும், கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்கு வெகுகாலம் பின்னரும் உயிரோடு இருந்தது. ஒரு டம்ளர் தனியாகக் கட்டித் தொங்கும், அதில் குடித்தவர் தாமே கழுவி வைக்க வேண்டும், பெஞ்சில் உட்காரலாகாது. இக்கொடுமைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களும் விலக்காக இருக்கவில்லை.

அந்தக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பையன் ஓசூருக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பாட்டன் டீக்கடை வாசலில் குந்தியிருந்து குடித்தவர். பேக்கரியின் பெஞ்சில், யார் பக்கத்தில் யார் என்ற விசாரணையின்றி அவன் உட்காரும்போது, எல்லோருக்கும் ஒரே மாதிரியான டம்ளரில் வரும் காப்பியை அவனும் எடுத்துக்கொள்ளும்போது, வேறொருவருக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் அந்தக் காரியத்தில் மூன்று தலைமுறைகளின் போராட்டம் அடங்கியிருக்கிறது. வாடிக்கையாளர் அனுபவம் என்று வர்த்தக நூல்கள் பேசுவதில், காப்பியின் சூடும் சிப்பந்தியின் புன்னகையும் அலங்கார விளக்கும் இடம் பெறுகின்றன. நம் நாட்டில் அந்த அனுபவத்தின் முதல் அம்சம் அவமதிக்கப்படாமை என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெயர்ப்பலகையில் ஜாதி மறைந்துவிட்ட இடத்தில், விலைப்பலகை வேறொரு பிரிவினையைச் செய்ய இயலும். கஃபேயின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போகக் கூசி, வாசலில் நின்று விலையைப் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர்களை எந்தக் கல்லூரிச் சாலையிலும் காணலாம். உள்ளே போனவனுக்கும் நிம்மதி முழுமையாக இல்லை. ஒரு காப்பியோடு எவ்வளவு நேரம் இருக்கலாம், வேறு ஏதாவது வேண்டுமா என்று சிப்பந்தி மறுபடியும் வந்து கேட்பது உபசாரமா எச்சரிக்கையா, மின்செருகியில் லாப்டாப்பை மாட்டலாமா என்பன போன்ற சங்கடங்கள் அவனுக்கு உண்டு. பழைய பெட்டிக்கடையில் அக்கவுண்டு நோட்டு ஒன்று இருக்கும். மாதக் கடைசியில் வீட்டிலிருந்து பணம் வந்ததும் தீர்த்துக்கொள்ளலாம். யு.பி.ஐ. வந்த பிறகு சில்லறைத் தொல்லை ஒழிந்தது பெரிய உபகாரந்தான். கூடவே, செலுத்திய தொகையைக் கடை முழுவதும் கேட்கும்படி உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் வந்தது. பத்து ரூபாய்க்காரனுக்கும் இருநூறு ரூபாய்க்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு யந்திரம் ஊரறியச் சொல்வது, ஏழைப் பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்பதைக் கடைக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் சத்தத்தைக் குறைத்து வைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

பெண்களின் நிலைமையைத் தனியாகக் கூற வேண்டும். தமிழ்நாட்டு டீக்கடை, எழுதப்படாத ஒரு விதியினால், ஆண்களின் இடமாகவே வளர்ந்தது. பத்திரிகையும் அரசியலும் அங்கே அலசப்படும்போது, பெண் அவ்வழியாகத் தலைகுனிந்து நடந்துபோனாள். ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்திலோ, இன்று தொழிலின் பாரத்தில் ஒரு பெரும்பங்கைச் சுமப்பவர்கள் இளம்பெண்கள். கடிகாரம் கோப்பதிலும், கூத்தனப்பள்ளியில் கைப்பேசிப் பாகங்கள் செய்வதிலும், 2021இல் போச்சம்பள்ளியில் எழுந்த மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். விடுதிகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய், அதே பஸ்ஸில் திரும்பி, வாயிற்காவலர் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே நுழையும் இவர்களுக்கும், மாலை ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டிய கல்லூரி மாணவிகளுக்கும், ஊர் என்பது ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு காட்சியே. நாற்காலியும் கதவும் உள்ள காப்பிக் கடைதான், துணையாக ஓர் ஆண் இன்றி, வேலை இருப்பதாகச் சாக்குச் சொல்லாமல், அவர்கள் உட்கார்ந்து பேசக்கூடிய முதல் பொது இடமாக அமைந்தது. விலை அதிகம் என்று நான் குறை கூறிய அதே கஃபே இவ்விஷயத்தில் பேக்கரியைவிட மேலானது என்பதை மறைக்கக் கூடாது. சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில், நான்கு தோழிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பியாயிற்று, தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்ப்பதைக் காண்பவர்கள், நூற்றைம்பது ரூபாய்க்குக் காப்பி வாங்குவது ஆடம்பரம் என்று கடிந்து பேச மாட்டார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையே அவர்கள் ஒரு கடையை மதிப்பிடும் முதல் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அந்த அளவுகோலில் கல்லூரிச் சாலைப் பேக்கரிகளிற் பெரும்பாலானவை தேறுவதில்லை; மாநகராட்சி உரிமம் வழங்கும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும்.

இனி, இருக்கைக் கணக்கில் எவரும் சேர்க்காத ஒருவர் மீதம் இருக்கிறார். மாணவன் உட்காருகிறான்; டிரெய்னி உட்காருகிறான்; காப்பி கொண்டுவருகிறவர் உட்காருவதில்லை. தள்ளுவண்டிக்காரர் விடியற்காலை முதல் பாய்லருக்கு முன்னால் நிற்கிறார். கஃபேயில் வேலை செய்யும் பெண், பல சமயங்களில் அதே கல்லூரியில் படித்து முடித்தவள், ஒன்பது மணி நேரம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் தன் சட்டத்தைத் திருத்திற்று. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22–அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றும், வேலை நேரம் முழுவதும் அவர்களை நிற்க வைக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலி போட இடமில்லாத கடை ஓசூரில் இல்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பாகலூர்ச் சாலையிலும் தளிச் சாலையிலும் ஒரு மாலை நடந்து, எத்தனை கடைகளில் அந்த முக்காலி போடப்பட்டிருக்கிறது, போட்டிருந்தாலும் அதில் உட்கார முதலாளி அனுமதிக்கிறாரா என்று பார்த்து அறிக்கை எழுதலாம். மேஜையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் அதற்குச் சாட்சி சொல்வார்கள்.